யாருடைய இடது

என் வேலை என்னவென்று ஊரில் யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதுவும் என்மேலேயே. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது உருப்படியாகச் சொல்லி முடித்திருக்கிறேனா? பாதியில் எனக்கே குழம்பிவிடும். ஒருமுறை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், திருச்சுழி பஸ்ஸுக்காக நின்றிருந்த பழைய டீச்சர் ஒருவர் கேட்டார். ஆரம்பித்தேன். பஸ் வந்து, அவர் ஏறி, இடம் பிடித்து, ஜன்னல் வழியாகக் கையாட்டியபோதும் நான் ஆரம்பத்திலேயேதான் நின்றிருந்தேன்.

எழுத்திலாவது முயன்று பார்க்கிறேன். பெரிய தொலைநோக்கி வானத்தைப் படம் பிடித்துக் கொடுக்கும். படம் மட்டும் இருந்தால் போதாது. அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால்தான், அங்கே என்ன வாயு இருக்கிறது, அது நம் பக்கம் வருகிறதா விலகிப் போகிறதா என்பதெல்லாம் தெரியும். நிறம் பிரிக்கும் கருவிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளிச்சத்தைச் சதுரமாகக் கொடுத்தால் வாங்காது, ஒற்றைக் கோடாகத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே நாங்கள் சதுரமான படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, எல்லாப் புள்ளிகளையும் ஒரே நீள வரிசையில் நிறுத்தி, நிறம் பிரித்து, பிறகு கணினியில் பழையபடி சதுரமாக அடுக்குவோம். அதற்கு இன்டக்ரல் ஃபீல்டு ஸ்பெக்ட்ரோகிராஃப் என்று பெயர். நான் அதை வடிவமைக்கிறேன். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "சேலையப் பிரிச்சு நூலாக்கி, மறுபடி சேலையாக்குறதா? அதுக்குப் பிரிக்காமலே இருக்கலாமே" என்றான். விசைத்தறி வைத்திருப்பவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

வெளிநாட்டில் ஒரு மலை உச்சியில் எழும்பிக்கொண்டிருக்கும் பெரிய தொலைநோக்கி ஒன்றுக்கு இந்தக் கருவி வேண்டியிருந்தது. எங்கள் நிறுவனத்திலேயே இரண்டு யோசனைகள். ஒன்று என்னுடையது. தலைமுடி கனத்தில் இருக்கும் ஃபைபர் இழைகளை ஒரு முனையில் சதுரமாக அடுக்கி, மறுமுனையில் வரிசையாகப் பரப்புவது. மற்றொன்று பக்கத்து அறைக்காரர்களுடையது. சாய்த்து வைத்த, முகம் தெரிகிற மெல்லிய கண்ணாடிப் பட்டைகள் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிவிடும். எது தொலைநோக்கியில் ஏறப்போகிறது என்பதைப் பொங்கல் கழிந்ததும் குழு கூடித் தீர்மானிக்கும். எங்கள் தலைவர் பேச்சைச் சுருக்கமாக முடிக்கிறவர். "வரைபடம் போதும். ஏதாவது ஒரு பொருளை உன் இழைகள் வழியாகப் படம் பிடித்துக் காட்டு. இல்லாவிட்டால் கண்ணாடிதான்" என்று சொல்லிவிட்டார்.

வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டு அழுத வேலை அது. ஏறினால் என் இழைகள் வழியாக ஆகாயத்தின் வெளிச்சம் போகும். ஏறாவிட்டால் அலமாரிதான்.

ஆய்வகத்தில் இழைகளை அடுக்கிக் கொடுக்கும் தோழி பிரசவத்துக்குப் போய்விட்டாள். சதுர முனையை மட்டும் முடித்துத் தந்திருந்தாள். பொங்கலுக்கு ஆய்வகத்தையும் பூட்டிவிட்டார்கள். அனுமதி வாங்கி, இழைக்கட்டை ஒரு டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்து, நிறம் பிரிக்கும் சின்ன நிறமாலைமானியை சூட்கேஸில் வைத்து, ஊருக்கு வந்துவிட்டேன். ரயிலில் அந்த டப்பாவை மடியைவிட்டு இறக்கவேயில்லை. எதிரே இருந்தவர், "முறுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் ஊர் வரும்வரை அவர் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊரில் எனக்கு மதினி இருந்தார். அண்ணன் மனைவி. என் வயதுதான், இருந்தாலும் நீங்க என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தாயி என்பார். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. வேலை என்று உட்கார்ந்தால் மட்டும் தமிழ், அது தறிக்கூடத்துப் பழக்கம். எங்கள் கூடத்தில் புதுப் பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு நூல், ஏற்றும்போது இழைகளை ஒவ்வொன்றாகச் சீப்பு மாதிரியான அச்சுக்குள் இழுத்துவிட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் இழையை எடுத்துக் கொடுப்பார், முன்னால் இருப்பவர் கொக்கியால் வாங்கி இழுப்பார். மதினி கொடுக்கிற பக்கம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அதே இடம். நானும் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் லீவு நாளெல்லாம் வாங்குகிற பக்கம் உட்கார்ந்தவள்தான்.

"ஒரு ஒத்தாசை வேணும் மதினி. நூல் மாதிரிதான், ஆனா ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா அடிப்பியா?"

"அழுவேன்."

"அப்பச் சரி. அடிக்கிறதுன்னா வரமாட்டேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தோம். மதினி பக்கம் சதுர முனை. அதில் இழைகள் வரிசை வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. என் பக்கம் நுண்ணிய பள்ளங்கள் வெட்டிய நீளத் தகடு. மதினி ஒரு வரிசையின் ஓரத்திலிருந்து இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க, நான் உருப்பெருக்கியில் பார்த்துப் பள்ளத்தில் படுக்க வைத்துக்கொண்டே போக வேண்டும். இதில் ஒரு விஷயம் உண்டு. முதல் வரிசையை இடமிருந்து எடுத்தால் இரண்டாவதை வலமிருந்து எடுக்க வேண்டும், மூன்றாவது மறுபடி இடம். மாடு உழுதுகொண்டு போய் வரப்போரம் திரும்புகிற மாதிரி. அப்போதுதான் சதுரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை கோட்டிலும் பக்கத்தில் இருக்கும். ஆகவே வரிசை மாறும்போதெல்லாம் நான் "இடது" என்றோ "வலது" என்றோ குரல் கொடுத்தேன்.

யாருடைய இடது? எதிரெதிரே உட்கார்ந்தால் என் இடது மதினிக்கு வலது. எங்கள் கூடத்தில் இதற்குப் பழைய சட்டம் ஒன்று உண்டு: வாங்குகிறவர் கைதான் கணக்கு. வாங்குகிறவர் தன் கையை வைத்துச் சொல்வார், கொடுக்கிறவர் மனசுக்குள் மாற்றிக்கொண்டு எடுப்பார். நான் அதை மறக்கவில்லை. என் கையை வைத்தே சொன்னேன். மதினி மாற்றி எடுத்தார். பாதி வரிசைகள் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நடந்தன.

நடுவில் டீயும் பணியாரமும் வந்தன. மதினி கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத இழை, அதில் ஒவ்வொரு தடவையும் இடம் வலம் மாற்றி யோசிப்பது வேறு. பாவம், இனிமேல் அவர் கையை வைத்தே நான் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆய்வகத்திலும் எங்களுக்கு அதுதான் வழக்கம், வெளிச்சம் உள்ளே வருகிற பக்கம் நின்று பார்த்துத்தான் இடம் வலம் சொல்வோம். வெளிச்சம் வருகிற பக்கம் மதினி பக்கம்தானே? எல்லாம் பொருந்தி வருகிறது என்று எனக்குள் ஒரே சந்தோஷம். அந்த மாற்றத்தை மதினியிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா இல்லையா? வாயில் பணியாரம் இருந்தது.

மீதி வரிசைகளையும் முடித்தோம். பசை விட்டு, ஊதா விளக்கைக் காட்டி இறுக்கினேன். இனி எந்த இழையையும் பிரிக்க முடியாது. இரண்டு நாள் உட்கார்ந்து முனையை மெருகேற்றினேன். மதினி ஒரு தடவை பார்த்துவிட்டு, "எதுக்குத் தாயி இந்தத் தேய் தேய்க்கிற, பித்தளைச் சொம்பா?" என்றார்.

படம் பிடிக்க ஒரு பொருள் வேண்டும். மதினியின் பொங்கல் சேலையையே கேட்டு வாங்கினேன். கடுகு மஞ்சள் உடல், ஒரு பக்கம் அகலமான அரக்குக் கரை, மறுபக்கம் விரல் அகலத்தில் ஒரு கரை. தெருமுனையில் இருக்கும் எங்கள் தறிக்கூடத்தின் மாடிச் சுவரிலிருந்து அதைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டான் அண்ணன். அகலக் கரை இடது பக்கம். நான் எங்கள் மொட்டை மாடியில் பழைய கேமரா லென்ஸை வைத்து, பின்னால் இழைக்கட்டைப் பொருத்தி, கணினியைக் குடைக்குக் கீழே ஒளித்து உட்கார்ந்தேன். தை மாத வெயில் என்று பெயர்தான், மண்டை காய்ந்தது.

படம் வந்தது. மேல் பாதியில் அரக்குக் கரை இடது பக்கம். கீழ்ப் பாதியில் அரக்குக் கரை வலது பக்கம்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சேலையைப் பார்த்தேன். சேலை ஒழுங்காகத்தான் தொங்கியது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே. காற்றில் சேலை பாதியில் புரண்டிருக்குமோ? அண்ணனுக்கு போன் போட்டேன்.

"சேலைய முறுக்கிக் கட்டியிருக்கியாண்ணே?"

"முறுக்குறதுக்கு அதென்ன கயிறா? நேராத்தான் தொங்குது. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். நேராகத்தான் தொங்கியது. கீழே செங்கல் வைத்து அசையாமல் கட்டச் சொன்னேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். தொங்கும் சேலையைப் பார்த்துவிட்டு, அரசாங்கம் கட்டப்போகும் ஜவுளிப் பூங்கா குமாரலிங்கபுரத்தில் வருகிறதா, இங்கேயே வருகிறதா என்று ஒருவர் அண்ணனைக் கேட்டிருக்கிறார். அண்ணன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அடுத்து லென்ஸ்மேல் சந்தேகப்பட்டேன். லென்ஸ் படத்தைத் தலைகீழாக்கும், இடம் வலம் மாற்றும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மாற்றினால் முழுசாக மாற்றும். பாதியை மட்டும் மாற்றுகிற லென்ஸை எந்தக் கடவுள் செய்தான்? பிறகு என் கணினி நிரலைச் சந்தேகித்தேன். வரி வரியாகப் படித்தேன். பிழை இல்லாத இடத்தில் கைவைத்து ஒரு பிழையை உண்டாக்கினேன், அதைச் சரிசெய்யவே ஒரு பகல் போனது. இழைக்குள் வெளிச்சம் தாவுகிறதா? நிறமாலைமானி ஆடுகிறதா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. குழு கூடும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் தங்கள் கண்ணாடியில் அழகான படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வேறு வந்தது. எரிகிற தீயில் எண்ணெய். போனைத் தூக்கித் தலையணைமேல் எறிந்தேன். தரையில் எறிகிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது.

மதினி மட்டும் கூடத்துக்குப் போகும்போதெல்லாம் கேட்டார். "ஏந்தாயி, இன்னும் புரளுதா?"

"புரளுது மதினி."

"எஞ்சேலைக்குத்தான் ஏதோ ஆயிருச்சு. வேற சேல தரவா?"

ஒருநாள் மத்தியானம் சேலையை அவிழ்த்து வாங்கக் கூடத்துக்குப் போனேன். தறிச் சத்தத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ஓரத்தில் நிறுத்தியிருந்த ஒரு தறியில் புதுப் பாவு ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு அக்கா கொக்கியோடு உட்கார்ந்திருந்தார், பின்னால் மதினி. அந்த அக்கா, "எடது ஓரம் ஒண்ணு விட்டுப்போச்சுக்கா" என்று கத்தினார். மதினியின் கை யோசிக்கவேயில்லை. நேராகத் தன் வலது ஓரத்துக்குப் போய் இழையை எடுத்தது.

எனக்குக் காதில் தறிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. டீ குடித்த பிறகு நான் மாற்றிச் சொன்னேன். மதினியோ பழக்கப்படி அதையும் மாற்றி எடுத்திருக்கிறார். கீழ் வரிசைகள் அத்தனையும் திரும்பிப்போயிருக்கின்றன. கிழிந்தது போ! வானத்தை அளக்கப் போகிறவள், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொன்னதும் மதினி முதலில் நம்பவில்லை. "நீ சொன்ன கையத்தான எடுத்தேன்?" என்றார். பிறகு, "என் கைய வச்சா சொன்ன? எவளாச்சும் குடுக்குறவ கைய வச்சுச் சொல்லுவாளா? எந்த ஊரு வழக்கம் அது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். நான் வெளிச்சம் வருகிற பக்கத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "வெளிச்சமாவது வெளக்கெண்ணெயாவது. மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றார்.

ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. இழைகள் பசையில் இறுகிவிட்டால் என்ன? எந்த இழை எந்தப் புள்ளி என்று கணினிக்குச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். கீழ் வரிசைகளைத் திருப்பிப் போடச் சொன்னேன். அரக்குக் கரை மேலிருந்து கீழ்வரை இடது பக்கமாக நேராக இறங்கியது. மஞ்சள் உடல், வலது ஓரத்தில் விரல் அகலக் கரை. ஒவ்வொரு புள்ளியைத் தொட்டாலும் அதன் நிறப் பிரிவு தனியாக எழுந்து வந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் மறுபடி பேச ஆரம்பித்தான்.

குழு கணினியில் கூடியது. நான் எங்கள் வீட்டு நடு அறையில், சாமி படங்கள் தெரியாத மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். படத்தைக் காட்டினேன். நல்ல படம் என்றார்கள். சேலை யாருடையது என்றுகூடக் கேட்டார்கள். நான் இளித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். டீ குடித்தது, கை மாறியது, கீழ்ப் பாதியைத் திருப்பிப் போட்டது, எல்லாம். சிரித்தார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தலைவர் சிரிக்கவில்லை.

"கீழ்ப் பாதி திரும்பியிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?"

"கரை வலது பக்கம் வந்ததே."

"கரை இடது பக்கம் இருக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?"

"சேலையை நான்தானே பார்த்தேன்?"

"வானத்தில் கரை எந்தப் பக்கம் இருக்கும் என்று யார் உனக்குச் சொல்வார்கள்?"

எனக்கு முகம் சூடாகியது. அவர் சொன்னது விளங்க அரை நிமிஷம் ஆனது. நான் செய்தது என்ன? விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன். சேலை இப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு, படம் அப்படி வரும்வரை இழைகளை இடம் மாற்றியிருக்கிறேன். இதுவரை யாருமே பார்த்திராத ஒரு விண்மீன் கூட்டத்தின் முன்னால் இந்த இழைக்கட்டை வைத்தால் எதைப் பார்த்துத் திருத்துவேன்?

"படத்தைப் பார்க்காமல், இழை இழையாகச் சோதித்து வரைபடம் அனுப்பு. அதற்குப் பிறகு முடிவு சொல்கிறோம்" என்றார் தலைவர்.

மறுநாள் காலையில் ஜன்னல்களில் போர்வைகளைக் கட்டி அறையை இருட்டாக்கினோம். மதினி நீளத் தகட்டுப் பக்கம் உட்கார்ந்தார். ஊசித் துளை போட்ட அட்டை வழியாக டார்ச்சை அடித்து, பள்ளம் பள்ளமாக நகர்த்தினார். ஒவ்வொரு தடவையும் என் பக்கத்துச் சதுரத்தில் ஒரே ஒரு புள்ளி மினுங்கும். எது மினுங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்வேன். இடது வலது என்ற பேச்சே கிடையாது. சதுரத்தின் மூலையில் மையால் ஒரு பொட்டு வைத்து, அதிலிருந்தே எண்ணினோம். மதினி "ம்" என்றால் அடுத்த பள்ளம், நான் "ம்" என்றால் பார்த்தாயிற்று. காலையில் ஆரம்பித்து வெயில் சாய்ந்தபோது முடித்தோம். அவ்வளவு நேரம் மதினி வாயை மூடி இருந்து நான் பார்த்ததே இல்லை.

நான் திருத்திப் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கீழ் வரிசைகள் திரும்பியிருந்தது உண்மைதான். ஆனால் மேல் பாதியில், சந்தேகமே படாத ஒரு வரிசையின் நடுவில், இரண்டு இழைகள் ஒன்றின் இடத்தில் ஒன்று இருந்தன. இரண்டும் சேலையின் மஞ்சள் உடலில் விழுந்த புள்ளிகள். மஞ்சளும் மஞ்சளும் இடம் மாறினால் யாருக்குத் தெரியும்? குழுவுக்கு நான் காட்டிய அந்த அழகான படம் தப்பு. பார்க்க மட்டும் சரி.

எப்படி மாறியது? மதினி மாற்றிக் கொடுத்தாரா, நான் மாற்றிப் படுக்க வைத்தேனா? பணியாரத்துக்கு முன்னால், நாங்கள் இருவரும் ஒரே சட்டப்படி வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்தது அது. அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், இன்றுவரை பிடிபடவில்லை.

"சொல்லணுமா தாயி? ரெண்டே ரெண்டுதான?" என்றார் மதினி.

"சொல்லணும் மதினி."

"சொன்னா ஒன் இழை போயிருமா?"

"தெரியலயே."

அனுப்பினேன். அனுப்பிவிட்டு மாடிக்குப் போய்க் கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பைக் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனமா, தப்பு இருந்தது கேவலமா? என் சோதனை பலித்ததா, பல்லிளித்ததா? எனக்கே தெரியவில்லை. தெரியாததுதான் ரொம்ப எரிச்சலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் கூப்பிட்டார். இழைகளில் போகிற வழியில் கொஞ்சம் வெளிச்சம் வீணாகிறது என்றார். அது எனக்குத் தெரிந்ததுதான். வரைபடத்தை நேர்மையாக அனுப்பினாய் என்றார். பிறகு மெதுவாக, "தொலைநோக்கியில் ஆயிரக்கணக்கான இழைகள் வரும். அத்தனையும் மனிதக் கைகள் அடுக்க வேண்டும். குழு கண்ணாடிப் பட்டைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்றார். நன்றி என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுப்படியில் மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னாக?"

"கண்ணாடியாம் மதினி. கண்ணாடியத்தான் ஏத்தப்போறாகளாம்."

மதினி கத்தியை நிறுத்தினார். "கண்ணாடியா? ஏன், கண்ணாடியில மட்டும் இடது வலது மாறாதாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுகை வந்துவிட்டது. மடை உடைந்த மாதிரி அழுதேன். வெங்காயம் ஒரு சாக்கு. மதினி தடுக்கவில்லை, முதுகில் கையை வைத்தபடி இருந்தார். அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "மாறும் மதினி. ஆனா எல்லாம் ஒண்ணுபோல மாறும். நம்மள மாதிரி பாதி இப்படி, பாதி அப்படி மாறாது."

மதினி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "எங்கையாலதான் போச்சா தாயி?"

"ஐயோ, இல்ல மதினி. என் வாயாலதான் போச்சு."

"அந்த ரெண்டு?"

அந்த இரண்டு. அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? என் கை என்று சொன்னால் பொய்யாக இருக்கலாம். உங்கள் கை என்று சொன்னாலும் பொய்யாக இருக்கலாம். தெரியாது என்பது மட்டும்தான் உண்மை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாததிலிருந்தே மதினிக்குப் புரிந்துவிட்டது. ஒரு வெங்காயத்தை எடுத்தார், உரிக்காமல் திரும்ப வைத்தார்.

"நான் அன்னிக்கு எந்திரிச்சு ஒம்பக்கம் வந்து உக்காந்திருக்கணும். ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்திருந்தா ஒனக்கு எடது எனக்கும் எடதா இருந்திருக்கும்ல?"

"ஒரே பக்கம் உக்காந்தா, இழைய யாரு மதினி குடுக்கிறது?"